கடைசிக் கண்ணாடி

“என் கை பட்டா மட்டும் ஏன் சிஸ்டர் உரிஞ்சு வருது?”

சுகிர்தா கேட்டாள்.

இடுக்கி முனையில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. தபால்தலை அளவுதான். அதன்மேல் அவள் முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து பூசிய படலம், பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த மாதிரி ஓரமெல்லாம் சுருண்டு நின்றது.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டுகிற கன்னியாஸ்திரி, சிஸ்டர் பெர்பெத்துவா, கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

“சாப்பிட்டீங்களா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சிஸ்டர்.”

“நானும் ஒண்ணு கேட்டேன்.”

சுகிர்தா சாப்பிட்டிருக்கவில்லை. குழந்தைக்கு ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், காப்பகத்தில் விட்டாள், ஓடி வந்தாள். தன் வாய்க்குள் ஏதாவது போனதா என்பது நினைவில் இல்லை.

சிஸ்டர் மேசை டிராயரைத் திறந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார்.

அன்றைக்குப் பதில் என்று வந்தது அந்தப் பன் மட்டும்தான்.

*

அந்த மலைக் கல்லூரியின் பின்பக்கம், தைல மரங்களுக்கு நடுவே அவர்களுடைய ஆய்வுக்கூடம். ஒரு காலத்தில் விடுதிப் பிள்ளைகளின் துணி வெளுத்த கொட்டகை. இப்போது தூசி நுழையாதபடி அடைத்து, குழாய் வழியாகக் காற்றை வடிகட்டி விட்டிருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, தலைமூடி, முகமூடி, காலுக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே நடக்கிற வேலை சொல்வதற்கு எளிது.

கண்ணாடிமேல் ஒரு படலம் பூச வேண்டும். அதன் பக்கத்தில் வைத்தால் பால்மேல் படிகிற ஆடைகூடக் கம்பளி. அந்தப் படலத்தில் தலைமுடியைவிட மெலிதாக ஒரு கோடு செதுக்க வேண்டும். கோட்டின் ஒரு முனையில் ஒளியை விட்டால், வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி கரை தாண்டாமல் ஓடி மறுமுனைக்கு வந்து சேர வேண்டும். நடுவழியில் தேயிலைத் தோட்டத்து ஓடைத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்தால், அதில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று வந்து சேர்கிற ஒளி சொல்லிவிடும்.

செய்வதற்குத்தான் எளிதில்லை.

மற்ற மாணவிகள் பூசினால் ஒட்டிக்கொண்டது. அதே மெஷின், அதே அழுத்தம், அதே தண்ணீரில் கழுவிய கண்ணாடி. சுகிர்தா பூசினால் உரிந்தது.

உரியாமல் தப்பிய ஒன்றிரண்டிலும் ஒளி மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியிலேயே எங்கேயோ கரைந்து போனது.

இந்த வேலைக்கென்று தனியாக இழைத்து வரவழைத்த கண்ணாடிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இப்போது பெட்டியில் ஒன்றே ஒன்று மிச்சம். மாதம் முடிவதற்குள் கோடு செதுக்கி ஒளி ஓடுகிற கண்ணாடிச் சில்லு ஒன்றை, திட்டத்துக்குப் பணம் தருகிற குழுவினர் முன்னால் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். அதோடு சுகிர்தாவின் ஆய்வும் போய்விடும்.

அவள் கணவன் செல்வின் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்தான். அவன் கோபக்காரன் இல்லை. ஃபோனில் தன்மையாகத்தான் சொல்வான், போதும் சுகி, வந்துரு, பால்குடிப் பிள்ளையை வச்சுக்கிட்டு எதுக்கு இந்தக் குளிர்ல. அந்தத் தன்மைதான் அவளைப் பயமுறுத்தியது. ஒருநாள் சரி என்று சொல்லிவிடுவோமோ என்று.

*

மறுநாள் அவள் தீர்மானமாக வந்தாள்.

“கடைசிக் கண்ணாடியை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க சிஸ்டர். நான் ஊருக்குப் போறேன்.”

“சரி.”

இவ்வளவு சுலபமாகச் சரி வரும் என்று சுகிர்தா நினைக்கவில்லை.

சிஸ்டர் பெர்பெத்துவா வயதில் அவளுக்கு இளையவர். பேரின் நீளம் தாங்காமல் மாணவிகள் முதுகுக்குப் பின்னால் பெர்பி என்பார்கள். அது அவருக்குத் தெரியும். கண்டுகொள்ள மாட்டார். தான் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறந்துவிட்டவர் மாதிரி நிற்பார். மீதி வராது என்பது பழகினவர்களுக்குத் தெரியும்.

“போறதுக்கு முன்னாடி இதை உடைச்சுட்டுப் போங்க” என்று உரிந்துபோன அந்தக் கண்ணாடியை எடுத்து வைத்தார்.

“எதுக்கு?”

“கெட்டுப்போனதுதானே. உடைங்க.”

சுகிர்தா கீறல் போட்டு அழுத்தினாள். டிக்கென்று இரண்டானது. சிஸ்டர் ஒரு பாதியை எடுத்து, உடைந்த விளிம்பு மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் பம்ப் முனகியது. பிறகு திரையில் ஒரு சாம்பல் நிறப் படம் எழுந்தது.

“என்ன தெரியுது?”

சுகிர்தா குனிந்து பார்த்தாள். நல்ல படலத்தை வெட்டினால், அல்வாவை வெட்டின மாதிரி இருக்கும். மேலிருந்து கீழே ஒரே பதம். இதில் குறுக்கே கோடு. அதற்கு மேலே ஒரு கோடு. அதற்கும் மேலே. படலம் முழுக்க, இடைவெளி ஒழுங்கில்லாமல், கோடு கோடாக ஓடியது. மேலே போகப் போகக் கோடுகள் நெருங்கிக்கொண்டே வந்தன.

“அடுக்கடுக்கா இருக்கு சிஸ்டர்.”

“பரோட்டா மாதிரி.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“யார் போட்ட கோடு இது?”

“மெஷின்தான்.”

“மெஷினுக்கு அல்வா மட்டும்தான் தெரியும்.”

*

சுகிர்தா திரையைப் பார்த்தபடியே நின்றாள். எந்தக் கோடு எப்போது விழுந்தது என்று அவளால் விரல் வைத்துச் சொல்ல முடிந்தது.

படலம் படிகிறபோது மெஷினுக்குள் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் எரியும். வட்டமான சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த ஊதா மட்டும்தான் தெரியும். கண்ணாடி தெரியாது. அந்த ஊதாவுக்குப் பின்னால் அது எப்படி இருக்கிறதோ, உரிகிறதோ, வெடிக்கிறதோ. அவளுக்குப் பொறுக்காது. வெளிச்சத்தை நிறுத்துவாள். டார்ச் அடித்துப் பார்ப்பாள். நன்றாக இருக்கும். மறுபடி எரிய விடுவாள். கொஞ்ச நேரம்தான். மறுபடி நிறுத்துவாள்.

முடியப் போகிற நேரத்தில் பயம் கூடும். அப்போது அடிக்கடி நிறுத்துவாள்.

“நிறுத்தின நேரத்துல, உள்ளே மிச்சம் மீதி இருக்கற ஈரம் சும்மா இருக்குமா?” என்றார் சிஸ்டர். “வந்து உக்காந்துக்கும். அதுக்கு மேல நீங்க பூசறீங்க.”

“தெரியும் சிஸ்டர். எம்.எஸ்ஸி.யில படிச்சேன்.”

“நல்ல மார்க்கும் வாங்கியிருப்பீங்க.”

சுகிர்தாவுக்கு முகம் சூடானது.

“அப்ப நிறுத்தாம இருந்தா போதுமா?”

“போதும்.”

“அவ்வளவுதானா?”

சிஸ்டர் அலமாரியைத் திறந்து சாதாரணக் கண்ணாடித் துண்டுகள் இருந்த டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார். கடையில் கிடைக்கிற, கெட்டுப்போனால் யாரும் கேட்காத கண்ணாடி.

“அவ்வளவுதான்னா செஞ்சு காட்டுங்க.”

ஊருக்குப் போகிற பேச்சு அதோடு அப்படியே நின்றது. முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

*

அவளால் முடியவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கை தானாக அவிழ்ந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதுகு முழுக்கக் கண்ணாகிவிட்டது. பள்ளியில் மதர் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்து, ஜெபமாலை சொல்லட்டுமா என்று சிஸ்டரிடம் கேட்டாள்.

“நீங்க ஜெபம் பண்ண மாட்டீங்க. மணியை உருட்டி நேரம் பார்ப்பீங்க.”

அது உண்மைதான். மாலையில் ஐந்தாவது மணிக்கு விரல் வருவதற்குள் எழுந்து நிறுத்தினாள்.

அவளுடைய பயத்துக்கு ஒரு பேர் இருந்தது. எபி. எபினேசர். ஒன்பது மாதம். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காப்பகத்தில், ஆயா சவேரியம்மாவின் மடியில் இருந்தான்.

சில மாதங்களுக்கு முன்னால் அவனுக்குக் காய்ச்சல் வந்து, கண் மேலே செருகி, கைகால் விறைத்து வெட்டியது. டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்கு இது வருவதுதான், வளர வளரப் போய்விடும், காய்ச்சல் வந்தால் உடனே மருந்து கொடுங்கள் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். டாக்டர் சொன்னது எல்லாம் அவள் காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவன் தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு பட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். விரல் பட்டதும் அவன் விழித்துக்கொள்வான். அழுவான். அழுகிறவன் உயிரோடு இருக்கிறான் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

பகலில் வேலைக்கு நடுவே உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காப்பகத்துக்கு ஓடுவாள். விளையாடிக்கொண்டிருக்கிறவனைத் தூக்கி நெற்றியைத் தொட்டுவிட்டுக் கீழே விடுவாள். திரும்பி வந்து மறுபடி உடுப்பு, தலைமூடி, முகமூடி.

சவேரியம்மா ஒருநாள் வாசலிலேயே மறித்தாள்.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க வந்து தலையைக் காட்டிட்டுப் போனீங்கன்னா, அப்புறம் நான்தான் இவனைத் தூக்கிக்கிட்டு நடக்கணும். என் முட்டியைப் பாத்தீங்களா? கர்த்தர் எனக்குக் குடுத்தது ரெண்டே முட்டி.”

சுகிர்தா கோவித்துக்கொள்ளவில்லை. ஆனால் போவதையும் நிறுத்தவில்லை.

*

மாதக் கடைசி நெருங்கியது. மலை முழுக்கப் பனி இறங்கி, தைல மரங்கள் இடுப்புக்கு மேலே காணாமல் போயிருந்தன.

சிஸ்டர் பெட்டியைத் திறந்து கடைசிக் கண்ணாடியை எடுத்தார். சுகிர்தாவிடம் நீட்டினார்.

“சாதாரணக் கண்ணாடியிலயே எனக்கு வரல சிஸ்டர்.”

“ஆமா.”

“நீங்களே பூசிடுங்களேன்.”

“எனக்கு வரும்னு எனக்குத் தெரியும். அதுல என்ன இருக்கு?”

சுகிர்தா கண்ணாடியை வாங்கிக் கழுவினாள், உலர்த்தினாள், மெஷினுக்குள் அதன் இடத்தில் பொருத்தினாள். கதவை மூடினாள். காற்று வெளியேறி வெற்றிடம் வருவதற்குக் காத்திருந்தாள். பிறகு ஊதா வெளிச்சம் எரிந்தது.

தேவையான கனம் வந்ததும் மெஷின் தானே நின்றுவிடும். அதுவரை அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு வராத வேலை.

சிஸ்டர் மூலையில் ஒரு ஸ்டூலில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முகமூடிக்கு மேலே கண் மூடியிருந்தது. ஜெபமா தூக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் தடவை கை போனது. சுகிர்தா இழுத்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை போனது. ஸ்விட்சைத் தொட்டுவிட்டு வந்தது.

அப்போது வெளிக் கதவின் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

சவேரியம்மா. உள்ளே வர அவளுக்கு அனுமதி கிடையாது. இரண்டு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். குரல் கேட்கவில்லை. கையால் பேசினாள். உள்ளங்கையைத் தன் நெற்றியில் வைத்தாள். எடுத்து உதறிக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் தொட்டில் மாதிரி சேர்த்து ஆட்டினாள்.

காய்ச்சல். எபிக்குக் காய்ச்சல்.

சுகிர்தாவுக்குக் காது அடைத்தது.

கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. நிறுத்தினால் என்ன, உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும். பிள்ளையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து மறுபடி எரிய விட்டால் ஆயிற்று. ஒரே ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு உரிந்துவிடுமா என்ன.

“நிறுத்திட்டு ஓடிட்டு வந்துடறேன் சிஸ்டர்.”

சிஸ்டர் கண்ணைத் திறந்தார்.

“ஓடுங்க.”

“நிறுத்தட்டுமா?”

“ஓடுங்கன்னுதான் சொன்னேன்.”

சுகிர்தாவின் விரல் ஸ்விட்சின் மேல் இருந்தது. ஜன்னலுக்குள் ஊதா எரிந்துகொண்டிருந்தது.

அந்த விரலை எப்படி எடுத்தாள் என்று பிறகு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. எடுத்தாள். ஓடினாள்.

*

உடுப்பை மாற்றவில்லை. அதுவரை அந்தக் கூடத்தில் யாரும் செய்யாத தப்பு அது. தலைமூடியும் முகமூடியும் கால் உறையுமாகப் பனிக்குள் ஓடினாள். ஈரப் புல்லில் ஒரு கால் உறை கழன்று கிடந்தது. காப்பகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு போய், வேறொரு ஆயாவின் மடியில் இருந்த எபியின் முன்னால் நின்றாள்.

எபி நிமிர்ந்து பார்த்தான்.

தலை முதல் கால்வரை வெள்ளையாக, முகமே இல்லாமல், இரண்டு கண் மட்டும் உள்ள ஒன்று அவனைப் பார்த்துக் கையை நீட்டியது.

அவன் வீறிட்டான். மூச்சு உள்ளே போய் வெளியே வரவில்லை. முகம் சிவந்து நீலமானது. கைகால் விறைத்தது.

சுகிர்தாவுக்கு உலகம் நின்றுவிட்டது. வந்துவிட்டது, மறுபடி வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அவனைப் பறித்து நெஞ்சோடு அணைத்தாள். அவன் இன்னும் விறைத்தான். அவளை உதைத்துத் தள்ளினான். பின்னாலேயே மூச்சு வாங்க ஓடிவந்த சவேரியம்மா ஏதோ சொன்னாள். அது அவள் காதில் விழவில்லை.

பின்னால் ஒரு குரல் கேட்டது.

“முகத்தைக் காட்டுங்க.”

சிஸ்டர். மறக்காமல் உடுப்பைக் கழற்றி, காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, சவேரியம்மாவுக்குப் பின்னாலேயே வந்திருந்தார்.

சுகிர்தாவுக்குப் புரியவில்லை.

“முகமூடியைக் கழட்டுங்க. பையன் யாருன்னு பயப்படறான்.”

சுகிர்தா ஒரு கையால் முகமூடியைப் பிய்த்தாள். தலைமூடியைத் தள்ளினாள்.

எபி பாதி அழுகையில் நிறுத்தினான். அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். அப்புறம் மறுபடி அழுதான். இந்த அழுகை வேறு. இது வழக்கமாக அவளிடம் புகார் சொல்கிற அழுகை.

“பேய் மாதிரி வந்து நின்னா புள்ளை என்ன பண்ணும்” என்றாள் சவேரியம்மா. “உடம்பு லேசாச் சுட்டுது, அதான் வந்து சொன்னேன். டாக்டர் எழுதின மருந்தை அப்பவே குடுத்தாச்சு. துடைச்சும் விட்டாச்சு. வாயைத் திறந்து பாருங்க, ஈறு புடைச்சுக்கிட்டு நிக்குது. பல்லு.”

சுகிர்தா நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள். லேசான சூடுதான். வியர்வை கோர்க்க ஆரம்பித்திருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது.

“சிஸ்டர், நீங்க இங்க இருக்கீங்க.”

“ஆமா.”

“அங்க யாரு?”

“யாருமில்ல.”

“மெஷின்?”

“ஓடுது.”

“ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆனா ஆகும்.”

சிஸ்டரும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். போய்ப் பார்க்கிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. பனி ஜன்னலில் முட்டிக்கொண்டு நின்றது. சுகிர்தாவின் பாதி உடம்பு எழுந்து ஆய்வுக்கூடத்துக்கு ஓடியது. பாதி உடம்பு மடியில் இருந்தவனைப் பிடித்துக்கொண்டது. இப்போது பயப்பட அவளுக்கு இரண்டு இடம்.

எபி விக்கி விக்கி, மெல்ல அடங்கி, தூங்கிப் போனான்.

அவளுடைய விரல் எழுந்து அவன் மூக்குக்குப் போனது.

சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் அந்தரத்தில் நின்றது.

“சிஸ்டர், படலம் வேற. புள்ளை வேற.”

“வேறதான்.”

“படலத்தைப் பாக்காம விட்டுடலாம். கெட்டா கெட்டுட்டுப் போகுது. இவனைப் பாக்காம நான் எப்படி விட?”

“பாக்காதீங்கன்னு நான் எப்ப சொன்னேன்?”

சுகிர்தா, சிஸ்டர் சொன்னது ஒவ்வொன்றையும் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். உடைங்க என்றார். யார் போட்ட கோடு என்றார். ஓடுங்க என்றார். பாக்காதீங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

“நல்லாப் பாருங்க” என்றார் சிஸ்டர். “அவன் பாட்டுக்குத் தூங்கட்டும்.”

சுகிர்தா விரலை மடக்கினாள். பார்த்தாள்.

எபியின் சட்டை பொத்தானுக்குக் கீழே விலகியிருந்தது. வயிறு ஏறியது. இறங்கியது. கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி ஏறியது. விரலே வைக்காமல், இவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. இத்தனை நாளும் தெரிந்திருக்கும். அவள் விரல்தான் எப்போதும் முந்திக்கொண்டது.

ஏறியது. இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதுவும் பார்த்தது.

தலையை நிமிர்த்தியபோது ஜன்னலில் பனி விலகி, மரங்களுக்குத் தலை முளைத்திருந்தது. சிஸ்டர் பக்கத்தில் இல்லை.

மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

*

மெஷின் தானே நின்றிருந்தது. சிஸ்டர் அதைத் தொடவில்லை.

“உங்க கண்ணாடி. நீங்களே எடுங்க.”

உடனே திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் படலம் வெடித்துவிடும். ஆற வேண்டும். சுகிர்தா புது உடுப்பு மாட்டிக்கொண்டு அந்த நேரமும் நின்றாள். பிறகு திறந்தாள்.

படலம் உரியவில்லை. மழைத்தண்ணீரில் மண்ணெண்ணெய் பரவின மாதிரி மெல்லிய நிறம் ஓடியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் கெட்டுப்போனவையும் எடுத்த நிமிஷம் அழகாகத்தான் இருந்தன.

“உள்ளே கோடு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும் சிஸ்டர்? உடைச்சாத்தானே தெரியும். இதை உடைக்க முடியாது.”

“முடியாது.”

“அப்ப?”

“ஒளி ஓடுதான்னு பாக்கலாம்.”

சிஸ்டர் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த நாட்களை அவள் மஞ்சள் விளக்கு எரிகிற உள்ளறையில் கழித்தாள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுகிற மருந்தைத் தடவி, ஒளி ஓடுகிற கோட்டின் அச்சைப் பதித்து, வேண்டாத இடத்தை அரித்து எடுக்கிற வேலை. ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்க மனம் அடித்துக்கொண்டது. ஒவ்வொரு படியும் தன் பாட்டுக்கு முடிந்தது. காப்பகத்துக்கும் போனாள். ஜன்னலுக்கு வெளியே, எபி பார்க்காத மூலையில் நின்றாள். சில தடவை உள்ளே போயும் விட்டாள். சவேரியம்மா முட்டியைத் தட்டிக் காட்டினாள்.

*

குழுவினர் வருவதற்கு முந்தின நாள் மதியம். திரை எல்லாம் இழுத்து, அறையை இருட்டாக்கி, சுகிர்தா மேசை முன் உட்கார்ந்தாள். சுற்றிலும் கறுப்புத் துணி. ஒரு பக்கம் சிவப்பு ஒளி வருகிற கண்ணாடி நூலிழை. நடுவில் சில்லு. அந்தப் பக்கம் ஒரு சிறு லென்ஸ்.

நூலிழையின் முனையை அந்தக் கோட்டின் வாய்க்கு நேரே கொண்டுபோக வேண்டும். திருகாணியைத் தடவுகிற மாதிரி திருகினாள். கொஞ்சம் மேலே. கொஞ்சம் இடது.

அவள் செய்த பழைய சில்லுகளில் ஒளி உள்ளே நுழைந்தால் உடனே தெரியும். கோடு முழுக்க, ஊதுவத்தி கனிகிற மாதிரி சிவப்பாக ஒளிரும். பார்க்க ஆசையாக இருக்கும். மறுமுனைக்கு மட்டும் எதுவும் வராது.

இன்று குனிந்து பார்த்தாள். இருட்டு.

இன்னும் கொஞ்சம் திருகினாள். நுழைகிற வாயில் ஒரு பொட்டு சிவப்பு தெரிந்து மறைந்தது. கோட்டில் இருட்டு.

முகத்தைச் சில்லுக்கு மேலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். கண் எரிந்தது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு இடத்திலும் சிவப்பு இல்லை. கோடு இருக்கிற இடமே தெரியாத இருட்டு.

போயிற்று. ஒளி உள்ளே போகவே இல்லை. கடைசிக் கண்ணாடியும் போயிற்று.

செல்வினுக்கு என்ன சொல்வது என்று நினைத்தாள். அவன் ஒன்றும் கேட்க மாட்டான். வண்டி பிடித்து வந்து மூட்டையைக் கட்டுவான்.

ஒளியை அணைத்துவிட்டு, சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வைக்கலாமா. கை ஸ்விட்ச்மேல் இருந்தது. அணைத்தால் இந்த இடம் தவறிப்போகும். அணைக்காவிட்டால் இந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அணைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து மூடியது. சிஸ்டர் உள்ளே வந்தார். வெள்ளை உடுப்பில், இருட்டில் தடவிக்கொண்டு மேசையைச் சுற்றி லென்ஸ் இருந்த பக்கம் வந்து நின்றார். குழுவினர் இன்று ராத்திரியே வந்து தங்குகிறார்களாம், காலையில் எட்டு மணிக்கே பார்க்க வேண்டுமாம் என்று சொன்னார். விருந்தினர் அறையில் வெந்நீர் வரவில்லை என்று சொன்னார். சுகிர்தா எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தலையைத் தூக்கினாள்.

“சிஸ்டர், இதுல ஒளி...”

சிஸ்டரின் கைமேல், வெள்ளைத் துணியில், குங்குமப் பொட்டு அளவில் சிவப்பாக ஒன்று இருந்தது.

சிஸ்டர் அதைப் பார்க்கவில்லை. பிளம்பர் நாளைக்குத்தான் வருவானாம் என்று சொல்லிக்கொண்டே கையை வீசினார். பொட்டு விழுந்து கறுப்புத் துணியில் காணாமல் போனது. கை திரும்பி வந்தது. பொட்டு திரும்பி வந்து உட்கார்ந்தது.

சுகிர்தா சில்லைப் பார்த்தாள். இருட்டு. லென்ஸுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சிவப்பு. வழியில் ஒரு சொட்டு ஒளிகூடச் சிந்தவில்லை.

“அப்ப மேலே சொல்லி வேற பிளம்பரைப் பாக்கச் சொல்லலாமா?” என்று கேட்டுக்கொண்டே சிஸ்டர் வாசலுக்குத் திரும்பப் போனார்.

“அசையாதீங்க சிஸ்டர்.”